ஒட்டியது தெரியாத முடி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நீளத்துக்கோ அடர்த்திக்கோ சொந்த முடியோடு சேர்த்து வைக்கும் முடிதான் எக்ஸ்டென்ஷன். அது பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்று பலரும் எழுதியிருப்பதால் யாருடைய பெயரையும் போடவில்லை. முடி விஷயத்தில் அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது.

அக்கா, சில வருஷத்துக்கு முன்னால் 24 அங்குலத்தில் எக்ஸ்டென்ஷன் வைத்தேன். இப்போது அதே சலூனில் “16 போதும், அதுதான் இப்போ ஓடுது” என்கிறார்கள். நிஜமாகவே ட்ரெண்ட் மாறிவிட்டதா, கையில் இருப்பதைத் தள்ளிவிடப் பார்க்கிறார்களா?

நிஜமாகவே மாறிவிட்டது. அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். முன்பு எல்லோரும் நீளம் கேட்டு வருவார்கள். இப்போது அடர்த்தி கேட்டு வருகிறார்கள். “இடுப்பைத் தொடணும்” போய், “என் முடி மாதிரியே இருக்கணும், கொஞ்சம் கூடுதலா இருக்கணும்” என்பது வந்திருக்கிறது.

உங்கள் சொந்த முடியை ஒரு நிமிடம் கண்ணாடியில் பாருங்கள். எல்லா முடியும் ஒரே இடத்தில் முடியாது. ஒவ்வொன்றும் வளர ஆரம்பித்த நாள் வேறு, உதிரும் நாள் வேறு. அதனால் வேரில் அடர்த்தியாக இருந்து, நுனிக்கு வர வர மெலியும். 24 அங்குலத்துக்கும் ஒரே கனமாகத் தொங்கும் முடியைப் பார்த்தால், முடி பற்றி எதுவும் தெரியாதவர்கூட “இது வாங்கினது” என்று சொல்லிவிடுவார்.

குட்டை முடிகளையெல்லாம் உருவி எறிந்துவிட்டு, நீளமானதை மட்டும் சேர்த்துக் கட்டினால் அது ‘டபுள் டிரான்’. குட்டையும் நெட்டையும் கலந்தபடியே விட்டால் ‘சிங்கிள் டிரான்’. மேசைமேல் கட்டாக வைத்துக் காட்டும்போது டபுள் டிரான்தான் கண்ணைப் பறிக்கும். தலையில் ஏறிய பிறகு சிங்கிள் டிரான்தான் பொருந்தும். தோளளவு நீளத்துக்கு டபுள் டிரான் பரவாயில்லை. அதற்குக் கீழே போனால் நான் கையில்கூட எடுப்பதில்லை.

இன்னொரு மாற்றம், தலையில் ஒட்டும் பகுதியில் நடந்திருக்கிறது. ‘வெஃப்ட்’ என்றால் முடியைத் திரைச்சீலை போல வரிசையாகத் தைத்த பட்டை. மெஷினில் தைத்த பழைய வெஃப்டின் விளிம்பு தடிமனாக இருக்கும். காற்றில் முடி விலகினால் தலையில் ஒரு மேடு தெரியும். கையால் முடிச்சிட்ட வெஃப்ட் மிக மெல்லியது, ஆனால் நடுவில் வெட்டினால் முடி கொட்ட ஆரம்பிக்கும். இப்போது அதிகம் கேட்கப்படும் ‘ஜீனியஸ் வெஃப்ட்’ மெல்லியதாகவும் இருக்கும், வேண்டிய அகலத்துக்கு வெட்டியும் கொள்ளலாம். தலையின் வளைவுக்கு ஏற்பத் துண்டு துண்டாகப் பொருத்த முடிவதால், கொண்டை போட்டாலும் வரிசை வெளியே தெரிவது குறைவு.

நிறமும் அப்படித்தான். ஒரே சாயம் போட்ட முடியை வேரிலிருந்து நுனிவரை வைப்பதை நல்ல ஸ்டைலிஸ்டுகள் கிட்டத்தட்ட விட்டுவிட்டார்கள். வேர்ப்பக்கம் கொஞ்சம் அடர்ந்த நிறம், கீழே போகப் போகச் சற்று வெளிறிய நிறம். சிலர் ப்ளீச் செய்யப் பயந்து, நாலைந்து வெளிர்ந்த துண்டுகளை மட்டும் முகத்தோரம் வைத்துக்கொள்கிறார்கள். நல்ல யோசனை. சொந்த முடி தப்பித்தது.

‘இதெல்லாம் இந்தக் காலத்துப் பைத்தியம்’ என்று வீட்டில் யாராவது சொன்னால், எகிப்தில் அமர்னாவைக் காட்டுங்கள். சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் தலையில் ஏறத்தாழ 70 எக்ஸ்டென்ஷன்கள் இருந்ததாக அங்கே தோண்டிய ஆய்வாளர்கள் 2014-ல் தெரிவித்தார்கள். நிறப் பொருத்தத்தைப் பற்றி அந்தக் காலத்தில் அவ்வளவு கவலைப்படவில்லை போலிருக்கிறது.

என் முடி மிக மெல்லியது, வகிடும் அகலமாகிவிட்டது. டேப், கெரட்டின், ரிங், தையல் என்று நாலு சலூனில் நாலு விதமாகச் சொல்கிறார்கள். எதை வைப்பது?

வகிடு ஏன் அகலமானது என்று பார்த்தீர்களா? இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், பரம்பரையாகவும் இருக்கலாம். முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். காரணம் தெரியாமல் அதன்மேல் எடையைத் தொங்கவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

மருத்துவர் சரி என்றால் கணக்கு சுலபம். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷன் துண்டையும் உங்கள் முடியில் ஒரு கொத்துதான் சுமக்கிறது. துண்டில் உள்ள முடியும் அதைத் தாங்கும் கொத்தும் ஏறக்குறைய சமமாக இருந்தால் பிரச்சினையில்லை. துண்டு கனத்துப் போனால் இழுபடுவது உங்கள் வேர்தான்.

டேப்-இன்னில், உங்கள் முடியின் மெல்லிய அடுக்கு ஒன்றை நடுவில் வைத்து, மேலும் கீழும் ஒட்டும் பட்டைகளைப் பொருத்துவார்கள். எடை அகலமாகப் பரவும், தலையோடு தட்டையாக ஒட்டி நிற்கும். மெல்லிய முடிக்கு ஒரு பக்கம் மட்டும் முடிப்பட்டையும் மறுபக்கம் வெறும் டேப்பும் வைக்கும் முறை உண்டு. எடை பாதியாகும். உங்களுக்கு எக்ஸ்டென்ஷன் வைத்தே ஆகவேண்டுமென்றால் அதைத்தான் சொல்வேன். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வளரும், பட்டை அதோடு கீழே இறங்கும். அதனால் 6 முதல் 8 வாரத்துக்குள் கழற்றி மேலேற்றியே ஆகவேண்டும். ‘இன்னும் கெட்டியாத்தானே இருக்கு’ என்று 12 வாரம் ஓட்டாதீர்கள்.

கெரட்டின் பாண்டில், சின்னச் சின்னக் கொத்துகளின் முனையில் இருக்கும் கெரட்டின் பசையை வெப்பத்தில் உருக்கி உங்கள் முடியோடு உருட்டிவிடுவார்கள். கொத்து சிறியது என்பதால் அசைவு மிக இயல்பாக இருக்கும். பார்வைக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் கழற்றும்போது கரைப்பானை ஊற்றி, பிணைப்பை நொறுக்கி, பொறுமையாக உருவ வேண்டும். பொறுமையில்லாத கையில் மெல்லிய முடி தப்பாது. மைக்ரோ ரிங்கில் வெப்பமும் இல்லை, பசையும் இல்லை. சின்ன உலோக வளையத்தை நசுக்கிப் பிடிக்கவைப்பதுதான். வழுவழுப்பான மெல்லிய முடியில் அது சறுக்கும். சறுக்காமலிருக்க இறுக்கினால் முடி உடையும். தையல் வெஃப்ட் நடுத்தர, அடர்ந்த முடிக்காரர்களுக்கு. உங்களுக்கு வேண்டாம்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். இவை எல்லாமே காதுக்கு மேலேயும் பின்னந்தலையிலும் வைப்பவை. வகிட்டை எதுவும் மூடாது. வகிடுதான் உங்கள் கவலை என்றால் உங்களுக்கு வேண்டியது ‘டாப்பர்’. உச்சந்தலையில் மெல்லிய வலைமேல் கட்டிய முடி, சின்னக் கிளிப்புகளில் நிற்கும், இரவில் கழற்றிவிடலாம். பக்கவாட்டு மட்டும் நிரம்பினால் போதுமென்றால் ‘ஹாலோ’ இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கம்பி ஒன்று தலையைச் சுற்றி உட்காரும், முடியோடு எந்தப் பிணைப்பும் இல்லை. ஹாலோ வைத்திருப்பவர்கள் அதை வெளியே சொல்வதில்லை, அதனால் அதற்கு விளம்பரமே இல்லை!

இன்னொரு விஷயம். பாக்கெட்டில் 100 கிராம் இருந்தால் 100 கிராமையும் தலையில் ஏற்ற வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. பாதியை வைத்துவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். பல தலைகளுக்கு அதுவே போதும்.

‘100% மனித முடி’ என்று அட்டையில் போட்டிருந்தது. வாங்கியபோது பட்டு மாதிரி இருந்தது. நாலைந்து முறை குளித்ததும் சிக்குப் பிடித்துக் கயிறாகிவிட்டது. போலியா?

மனித முடியாகவே இருக்கலாம். பிரச்சினை வேறு.

முடியின் மேல் மீன் செதில் மாதிரி மிக நுண்ணிய அடுக்குகள் உண்டு. அவை வேரிலிருந்து நுனி நோக்கிப் படிந்திருக்கும். ஒரு தலையிலிருந்து கொத்தாக வெட்டி, வேர்ப்பக்கம் வேராகவும் நுனிப்பக்கம் நுனியாகவும் கலையாமல் வைத்தால், எல்லாச் செதிலும் ஒரே திசையில் இருக்கும். அதைத்தான் ‘ரெமி’ என்கிறார்கள். சீப்பிலும் தரையிலும் சேகரித்த உதிரி முடியில் வேரும் நுனியும் தலைகீழாகக் கலந்துவிடும். எதிர்த்திசைச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டால் சிக்கு விழும். அதை மறைக்க அமிலக் குளியலில் செதில்களைக் கரைத்துவிட்டு, மேலே சிலிக்கான் பூசுகிறார்கள். கடையில் நீங்கள் தடவிப் பார்த்த பட்டு அந்த சிலிக்கான்தான். நாலைந்து குளியலில் அது போய்விடும். செதிலும் இல்லை, பூச்சும் இல்லை, மிஞ்சியது கயிறு.

அதனால் ‘மனித முடியா’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘ரெமியா, எத்தனை மாதம் தாங்கும், துவைத்துப் பார்க்க ஒரு துண்டு கொடுப்பீர்களா’ என்று கேளுங்கள். துண்டை வீட்டில் சிலிக்கான் இல்லாத ஷாம்பூவால் சில முறை அலசி, காற்றில் உலர்த்திப் பாருங்கள். மேலிருந்து கீழாக விரலை ஓட்டினால் வழுக்க வேண்டும். கீழிருந்து மேலாக ஓட்டினால் லேசான சொரசொரப்பு தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி வழுக்கினால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

எரித்துப் பார்ப்பது பற்றியும் சிலர் எழுதியிருந்தீர்கள். மனித முடி பொசுங்கிச் சாம்பலாக உதிரும், செயற்கை இழை உருகி உருண்டையாகும். அது இரண்டையும் பிரித்துக் காட்டும். ரெமியா இல்லையா என்று சொல்லாது.

தலைக்கு எண்ணெய் வைக்கலாமா?

நுனிக்கு வைக்கலாம். ஒட்டிய இடத்தில் வேண்டாம். டேப் பசையும் கெரட்டின் பிணைப்பும் எண்ணெயில் இளகிவிடும். கண்டிஷனரும் அப்படியே. எண்ணெய் இல்லாமல் இருக்கவே முடியாது என்பவர்கள் கிளிப்பில் மாட்டும் ‘கிளிப்-இன்’ வைத்துக்கொள்ளுங்கள், கழற்றிவிட்டு நிம்மதியாகத் தேய்க்கலாம்.

என் முடி கருப்பு. கருப்பு எக்ஸ்டென்ஷன்தான் வாங்கினேன். ஆனாலும் வெளிச்சத்தில் தனியாகத் தெரிகிறது. ஏன்?

நீங்கள் கருப்பு என்று நினைப்பது வெயிலில் பார்த்தால் பெரும்பாலும் அடர் பழுப்பு. பாக்கெட்டில் எண் 1 என்று வருவது நீலம் பாய்ந்த கருமைக்குப் பக்கத்துச் சாயம். இரண்டும் சேர்ந்தால் தொப்பி போட்டது மாதிரி இருக்கும். 1B அல்லது 2 பொருந்துகிறதா பாருங்கள். சலூன் விளக்கில் பார்க்காமல் ஜன்னலோரம் பாருங்கள். வேரோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் முடியின் நடுப்பகுதியோடும் நுனியோடும் ஒப்பிடுங்கள், ஏனென்றால் எக்ஸ்டென்ஷன் கலக்கப்போவது அங்கேதான். ஒரே சாயல் கிடைக்காவிட்டால் அடுத்தடுத்த இரண்டு சாயல்களைக் கலந்து வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதுதான் ஒன்றைவிட இயல்பாக இருக்கும். வாங்கியதன் நிறத்தை அடர்த்தியாக்கலாம், வெளுக்க முயலாதீர்கள். ஏற்கெனவே ஒருமுறை வெளுத்து, மறுபடி சாயமேற்றிய முடியாக அது இருக்கலாம்.

எனக்குச் சுருட்டை முடி. வைத்த அன்று அழகாக இருந்தது. வீட்டில் குளித்ததும் மேலே சுருட்டை, கீழே நேர்முடி!

உங்கள் முடியை நேராக்கிவிட்டு அதற்கேற்ப எக்ஸ்டென்ஷனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சுருட்டை முடிக்காரர்கள் தேர்வு செய்யப் போகும்போது குளித்து, எதுவும் பூசாமல், தானாக உலர்ந்த முடியோடுதான் போகவேண்டும். எக்ஸ்டென்ஷன் துண்டையும் நனைத்து, உலரவிட்டுப் பார்க்க வேண்டும். நனைந்து உலர்ந்த பிறகு எப்படிச் சுருள்கிறதோ அதுதான் அதன் நிஜச் சுருள். இயந்திரத்தில் சுற்றிய சுருள் முதல் குளியலோடு போய்விடும். நீளத்தையும் சுருளை நீட்டாமல் அளக்கச் சொல்லுங்கள். நேராக 18 அங்குலம் இருப்பது சுருண்டால் தோளுக்கே ஏறிவிடலாம். சுருட்டை, அலை வகை துண்டுகள் முன்பைவிட நிறையவே கிடைக்கின்றன, அதனால் ‘நேர்முடிதான் இருக்கு, சுருட்டி விடுறேன்’ என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வைத்தபின் ஈர முடியோடு படுக்காதீர்கள். வேரில் திரளும் சிக்கை எடுக்கக் கத்தரிக்கோல்தான் வரும்.

டேப்-இன் கழற்றிய அன்று கை நிறைய முடி வந்தது. அழுதுவிட்டேன். எக்ஸ்டென்ஷன் என் முடியைத் தின்றுவிட்டதா?

அழுவதற்கு முன்னால் ஒரு பெருக்கல். நமக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது சாதாரணம். 8 வாரம் என்றால் 56 நாள். அதாவது 2,800 முதல் 5,600 முடி. வழக்கமாக இவை சீப்பிலும் குளியலறையிலும் தினம் கொஞ்சமாகப் போயிருக்கும். டேப் பிடித்திருந்த இடத்தில் மட்டும் விழ வழியில்லாமல் மாட்டிக்கொண்டு, கழற்றிய அன்று மொத்தமாகக் கைக்கு வருகின்றன.

வந்த முடிகளை வெளிர் நிறத் துணியில் பரப்பிப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்து, முடி முழு நீளம் இருந்தால் அது தானாக உதிர்ந்தது. குமிழே இல்லாத குட்டைத் துண்டுகள் நிறைய இருந்தால் அது உடைந்தது. அப்படியானால் கழற்றிய விதத்திலோ எடையிலோ தப்பு இருக்கிறது, அடுத்த சுற்றை ஒத்திப்போடுங்கள். தலையில் வழுக்கைத் திட்டு தெரிந்தால் என்னிடம் எழுதிக் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

குழந்தை பிறந்து நாலு மாதம். முடி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. தங்கை கல்யாணம் வருகிறது. எக்ஸ்டென்ஷன் வைக்கலாமா?

ஒட்டும் வகை எதுவும் இப்போது வேண்டாம் அம்மா. பிரசவத்துக்குப் பின் 2 முதல் 4 மாதத்தில் இந்தக் கொட்டல் ஆரம்பிக்கும். கர்ப்பக் காலத்தில் உதிராமல் நின்ற முடிதான் இப்போது சேர்ந்து விழுகிறது. பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்துக்குள் பழையபடி வந்துவிடும். எப்படியும் விழப்போகிற முடியில் ஒட்டினால் எக்ஸ்டென்ஷனும் சேர்ந்து விழும், நெற்றியோரம் முளைக்கும் குட்டி முடியும் இழுபடும். கல்யாணத்தன்று மட்டும் கிளிப்-இன் வையுங்கள். அதையும் நெற்றியோரம், காதோரம் தள்ளி, உள்ளே வையுங்கள். ராத்திரி வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் கழற்றுங்கள். குழந்தை இழுக்கும் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

வயது 29, ஆண். உச்சியில் முடி போய்விட்டது. எக்ஸ்டென்ஷன் வைக்க முடியுமா?

முடியாது தம்பி. எக்ஸ்டென்ஷனைப் பிடித்துக்கொள்ள அந்த இடத்தில் முடி இருக்க வேண்டும். நீங்கள் விசாரிக்க வேண்டியது, முடி போன இடத்தை மூடும் ‘ஹேர் பேட்ச்’, அது வேறு துறை. அதற்கும் முன்னால் தோல் மருத்துவர். 29 வயதில் சிகிச்சைக்கு நேரம் இருக்கிறது.

மகள் கலர் கலரான செயற்கை முடி வைத்துப் பின்னிக்கொள்ள ஆசைப்படுகிறாள். வயது 9.

ஒருநாள் கூத்துக்கு என்றால் பின்னலின் நுனியில் கிளிப் துண்டுகளாக வைத்துவிட்டுக் கழற்றுங்கள். வாரக்கணக்கில் தலையோடு இறுக்கிப் பின்னி வைப்பதை ஒன்பது வயதுக்கு நான் செய்ய மாட்டேன். இழை என்ன என்பதும் ஒரு கேள்வி. அமெரிக்காவில் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ அமைப்பு 2025-ல் வெளியிட்ட பரிசோதனையில், பின்னலுக்கான 10 செயற்கை முடிப் பொருட்களில் 9-ல் ஈயம் இருந்தது. குழந்தைகள் பின்னல் நுனியை வாயில் வைப்பார்கள். அந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

எக்ஸ்டென்ஷன் வைத்து மூன்று நாளாகத் தலை வலிக்கிறது. ஒரு பக்கமாகப் படுக்க முடியவில்லை. வைத்தவரைக் கேட்டால் “அழகுக்குக் கொஞ்சம் வலி சகஜம்” என்கிறார். பொறுத்துக்கொள்ளவா?

பொறுக்காதீர்கள். முதல் நாள் லேசான கனம் தெரியலாம். மறுநாளும் வலித்தால், வேரைச் சுற்றிச் சிவந்தால், சின்னப் பருக்கள் கிளம்பினால், புருவம் தூக்கியது மாதிரி நெற்றி இழுத்தால், அந்த வரிசை அதிக இறுக்கம். இன்றே போய்த் தளர்த்தச் சொல்லுங்கள், அல்லது எடுத்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஸ்டைலிஸ்டிடம் போங்கள். வீட்டில் நீங்களே பிய்க்காதீர்கள்.

தொடர்ந்து இழுபட்டே முடி போவதற்கு ‘டிராக்ஷன் அலோபீசியா’ என்று பெயர். 1907-லேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் இது பதிவாகியிருக்கிறது. அவர்கள் எக்ஸ்டென்ஷன் எதுவும் வைக்கவில்லை. தலைமுடியை இறுக்கி உச்சியில் கட்டியதிலேயே நெற்றியோர முடி போய்விட்டது. ஆரம்பத்திலேயே இழுப்பை நிறுத்தினால் முடி திரும்ப வரும். வருஷக்கணக்கில் விட்டால் வேர் இருந்த இடம் தழும்பாகிவிடும், அங்கே பிறகு எதுவும் முளைக்காது. நெற்றியோரமும் காதோரமும் பிடரியும்தான் முதலில் போகும். அதனால்தான் அந்த ஓரங்களில் இரண்டு விரல் அகலம் விட்டுவிட்டு உள்ளே தள்ளி வைக்கச் சொல்கிறேன். ஓரத்தில் உங்கள் சொந்த முடி இருந்தால் வரிசையும் மூடிக்கொள்ளும். பசை அரிப்பதாலும் இப்படிச் சிவக்கலாம். டேப்போ பசையோ முதல்முறை என்றால் காதின் பின்னால் ஒரு துண்டை ஒட்டி 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் நான் தொடங்குவேன்.

மைக்ரோ ரிங் வைத்திருக்கிறேன். டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார். கழற்ற வேண்டுமா?

ஸ்கேன் மையத்துக்கு இன்றே போன் செய்து, தலையில் உலோக வளையங்கள் இருப்பதைச் சொல்லுங்கள். உலோகம் காந்தத்தில் இழுபடலாம், சூடாகலாம், தலைப்பகுதி ஸ்கேன் என்றால் படத்தையும் கெடுக்கும். பெரும்பாலும் கழற்றிவிட்டு வரத்தான் சொல்வார்கள். அதற்கு நேரமெடுக்கும் என்பதால் ஸ்கேனுக்கு முந்தைய நாளே சலூனில் நேரம் வாங்கிவிடுங்கள். மறுபடி வைக்கும்போது அதே ரிங்கைத்தான் வைக்கவேண்டும் என்பதில்லை, டேப் ஒத்துவருமா என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.